அவசரப் பிரிவில் காத்திருப்பைக் குறைக்க பவர் பிஐ வாங்கலாமா?

நீலகிரி மலையிலுள்ள கூடலூரில் நடுத்தர மருத்துவமனை, அவசரப் பிரிவில் நெரிசல், தரவை வரைபடமாக்கிக் காட்டும் பவர் பிஐ மென்பொருள் வாங்கினால் தீருமா என்பது கேள்வி. இப்போதைக்கு வாங்க வேண்டாம். எக்செல் போதும். முதலில் சரிசெய்ய வேண்டியது பதிவேடு.

ஷீட்டில் நோயாளிக்கு ஒரு வரி. வந்தது, டிரையேஜ் (யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று பிரிப்பது) செய்தது, டாக்டர் பார்த்தது, ரத்தம் லேபுக்குப் போனது, ரிசல்ட் வந்தது, அட்மிஷனா ரெஃபரலா என்று முடிவானது, வெளியேறியது என ஏழு நேரங்கள். கூடவே அவசரத்தின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம்.

இங்கேதான் பெரும்பாலும் சறுக்கும். வேலைப் பளுவில் ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக எழுதிவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க நிமிடத்தின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 0, 5 இரண்டும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குதான் வர வேண்டும். பாதிக்கு மேல் இருந்தால் அது கடிகாரம் பார்த்து எழுதியதல்ல, உத்தேசமாகப் போட்டது. இரவு 11.40க்கு வந்து 1.10க்குப் போனவருக்குக் கணக்கு மைனஸில் வரும். தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. ரத்தம் அனுப்பும் முன்பே ரிசல்ட் வந்ததாகக் காட்டினால் லேப் கடிகாரமும் பதிவுக் கணினியும் ஒத்துப்போகவில்லை. வாரம் ஒருமுறை இரண்டையும் செல்போன் நேரத்துக்கு மாற்றி வையுங்கள்.

சராசரியை நம்பாதீர்கள். ஒன்பது பேர் 40 நிமிடம், ஒருவர் 7 மணி நேரம் இருந்தால் சராசரி 78 நிமிடம். அப்படி அங்கே யாருமே காத்திருக்கவில்லை. மீடியனையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் நேரம்) 90ஆவது பெர்சென்டைலையும் (பத்தில் ஒன்பது பேருக்கு அதற்குள் முடிந்த நேரம்) நிறவாரியாக எடுங்கள். நெஞ்சு வலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்தாயிற்றா என்பதைத் தனியாக, ஒவ்வொரு கேஸாகப் பாருங்கள்.

படுக்கைக் கணக்கு எளிது: மணிக்கு 4 பேர் வந்து ஆளுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தால் எந்நேரமும் சராசரியாக 10 பேர் உள்ளே இருப்பார்கள். ரிசல்ட் அரை மணி முன்னால் வந்து, டாக்டரும் உடனே பார்த்துவிட்டால் 8 பேர்.

மலையில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ரெஃபரல். ஊட்டிக்கோ கோவைக்கோ அனுப்பும் நோயாளிக்கு 'முடிவானது', '108ஐ அழைத்தது', 'வண்டி வந்தது', 'கிளம்பியது' என்று நான்காகப் பிரித்து எழுதுங்கள். கோவைக்கு இறங்கிய வண்டி திரும்பப் பல மணி நேரமாகும், அது உங்கள் கையில் இல்லை. ஆனால் முடிவெடுத்த பிறகு அழைக்கவே 25 நிமிடம் ஆகிறது என்றால் அது கடிதம் எழுதுவதிலும், குடும்பத்தாரிடம் பேசுவதிலும், எதிர்முனை மருத்துவமனையைப் பிடிப்பதிலும் போன நேரம். அதைக் குறைக்க முடியும், குறைத்தே ஆக வேண்டும்.

மே மாத சீசனை ஜூலை மழையோடு ஒப்பிடாதீர்கள். மேயை மேயோடு பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, முன்னும் பின்னும் நான்கு வாரம் ஒப்பிடுங்கள்.

மூன்று மாதம் பதிவேடு ஒழுங்காக வந்தால், பெயர்களையும் செல்போன் எண்களையும் நீக்கிவிட்டு அதே ஷீட்டை பவர் பிஐ டெஸ்க்டாப்பில் திறக்கலாம். அதை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.