ஆறு மாதமாக ஆன்லைன் பேங்கிங், லாபம் மட்டும் ஏறவில்லை: பதில்

வணக்கம். வியாபார வரவு செலவு முழுக்க ஆன்லைனுக்கு மாறி ஆறு மாதமாகியும் லாபம் கூடவில்லை, மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆன்லைன் பேங்கிங்கில் மிச்சமாவது அலைச்சலும் நேரமும்தான். லாபம் தானாக ஏறாது.

எனக்குச் சந்தேகம் உங்கள் கார்டு வரவு மேல்தான். கார்டில் விற்றது பெரும்பாலும் அன்றே கணக்குக்கு வராது. ஓரிரு வேலை நாள் கழித்து, கட்டணம் பிடித்தது போக மீதி வரும். விடுமுறைக்கு முந்தின நாள் நல்ல வியாபாரம் நடந்தாலும் மறுநாள் கூலிக்கு அந்தப் பணம் உதவாது. பில் தொகையையே வரவு என்று எழுதினால், 100க்கு விற்று 98 வந்த இடத்தில் அந்த 2 எங்கே போனது என்றே தெரியாது. விற்பனை, கட்டணம், கணக்கில் ஏறியது மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். தினம் பத்து நிமிஷம் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டால் போதும். (நான் மாதம் ஒரு தடவைதான் பார்ப்பேன். பட்டுத்தான் திருந்தினேன்.)

வீட்டுச் செலவும் அதே கணக்கிலா? உடனே பிரியுங்கள். நாளை கடன் கேட்டால் வங்கி அந்த ஸ்டேட்மென்ட்டைத்தான் புரட்டும்.

வாடிக்கையாளருக்குக் கடனுக்கு விற்றால் எத்தனை நாள் தவணை கொடுக்கிறீர்கள்? அதைச் சொல்லுங்கள், மேலே பார்க்கலாம்.