உச்சிப்புளியில் இருந்து பலாலிக்கு எத்தனை கிலோமீட்டர்?

தம்பி, முழங்கால் வலியுள்ள அம்மாவை விமானத்தில் யாழ்ப்பாணம் அனுப்ப, அங்குள்ள பலாலி விமான நிலையம் உச்சிப்புளியில் இருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு இணையதளம் 69, இன்னொன்று 128 என்று காட்டுவதாகக் குழம்பியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே தூரம்தான். 69 என்பது கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

ஆனால் அம்மாவை உச்சிப்புளியில் ஏற்ற முடியாது. அங்கே இருப்பது கடற்படையின் விமானத் தளம், ஐ.என்.எஸ். பருந்து. பயணிகள் விமானம் கிடையாது. விமானம் இருந்தாலும் 500 கிலோமீட்டர் வேகத்தைக் கொண்டு வகுத்து 'கால் மணி நேரம்' என்று கணக்குப் போடாதீர்கள். ஓடுபாதைக்கு உருண்டு போக, மேலே ஏற, இறங்க என்றே பாதி நேரம் போய்விடும். அரை மணிக்கு மேல் ஆகும்.

உங்களுக்குத் தோது திருச்சிதான். 2025 மார்ச் இறுதியில் இண்டிகோ யாழ்ப்பாணத்துக்கு விட ஆரம்பித்தது. நேர்கோட்டில் 180 கிலோமீட்டர் சொச்சம், பறக்க ஒரு மணி நேரம். மண்டபம் ஊரில் இருந்து திருச்சிக்குக் காரில் நாலரை மணி நேரம் வையுங்கள், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். விடியற்காலையே கிளம்பிவிடுங்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறி முப்பது கிலோமீட்டரில் தலைமன்னார் இறங்கிய ஊர்க்காரர்கள் நாம். 1964 புயலோடு அது போனது இன்னும் மனசை அறுக்கிறது.

கொழும்பு வழி மட்டும் வேண்டாம். அங்கிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீட்டர், முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். என் அத்தைக்கு அப்படித்தான் செய்தோம். படியேறாமல், மடியில் கருப்பட்டிப் பொட்டலத்தோடு போய் உட்கார்ந்தார்.