ஜி.ஐ. பைப்போடு செம்புக் குழாயை நேரடியாக இணைக்கலாமா?

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய வீடுகளில் தண்ணீர் லைன் பெரும்பாலும் ஜி.ஐ. பைப்தான். புதிதாகக் கீசர் வைக்கும்போது அதோடு செம்புக் குழாயை அப்படியே முடுக்கிவிடலாமா என்பது கேள்வி. கூடாது.

ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். துத்தநாகம், இரும்பு இரண்டுமே செம்பைவிடச் சீக்கிரம் அரிக்கும் உலோகங்கள். அவை செம்பைத் தொட்டுக்கொண்டிருக்க, தண்ணீரும் சேர்ந்தால் மெல்லிய மின்னோட்டம் உண்டாகும். செம்பு தப்பித்துக்கொள்ளும், ஜி.ஐ. கரையும். டார்ச் லைட்டில் பழைய பேட்டரிக் கட்டையை மாதக்கணக்கில் மறந்துவிட்டால் வெளிக்கூடு பொத்து ஒழுகியிருக்கும், பார்த்திருப்பீர்கள். சாதாரணக் கட்டையில் அந்தக் கூடும் துத்தநாகம்தான். சுடுதண்ணீரில் இந்த அரிப்பு இன்னும் வேகம்.

நடுவில் பிளாஸ்டிக்கும் ரப்பர் வாஷரும் வைத்து இரண்டு உலோகத்தையும் பிரிக்கும் டைஎலக்ட்ரிக் யூனியன் போடுவதுதான் சரியான வழி. கிடைக்கவில்லையா, இரு முனையிலும் மரையுள்ள சின்னக் குழாய்த் துண்டான நிப்பிள் ஒன்றைப் பித்தளையில் வாங்கி நடுவில் போடுங்கள். முழுத் தீர்வு இல்லை, ஆனால் அரிப்பு குறையும். அப்புறம், தண்ணீர் ஜி.ஐ.யிலிருந்து செம்புக்குப் போகட்டும். மாறிப் போனால், கரைந்து வரும் செம்பு ஜி.ஐ.க்குள் படிந்து உள்ளேயே ஓட்டை போடும்.

செம்புக்குப் பதில் சிபிவிசி, அதாவது சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் என்றால் இந்த மின்சாரத் தொல்லையே இல்லை. ஆனால் வெறும் பிளாஸ்டிக் மரையை இரும்பில் இறுக்கினால் விரிசல் விடும். பித்தளை மரை பதித்த அடாப்டர் வாங்குங்கள், காசு கொஞ்சம் கூடுதல்தான்.

டெஃப்ளான் டேப் சுற்றினால் உலோகங்கள் தொடாது என்று பலர் நம்புகிறார்கள். இறுக்கும்போது மரை டேப்பைக் கிழித்துவிடும், அது ஒழுகலைத் தடுக்க மட்டுமே.