மகளின் மாதவிடாய்க் கணக்கை அலமாரி சொல்லுமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 20. பதின்மூன்று வயதில் பூப்பெய்தினாள். கடந்த ஓராண்டாக மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அவள் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்; அலமாரியில் நாப்கின் குறைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். முகவாயில் முடியும் வளர்கிறது. ரத்தப் பரிசோதனை ஒன்றில் வைட்டமின் டி 14 என்று வந்தது. அது குறைந்தால் ஹார்மோன் சமநிலை கெடும் என்று கேள்விப்பட்டு, எனக்கு மருத்துவர் எழுதித் தந்திருந்த 60,000 அலகு மாத்திரையையே, சத்து மாத்திரை என்று சொல்லி ஏழு மாதமாக வாரந்தோறும் கொடுத்து வருகிறேன். மாற்றம் இல்லை. அளவைக் கூட்டலாமா? ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா? — பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: அளவைக் கூட்டக் கூடாது. இன்றோடு அந்த மாத்திரையை நிறுத்துங்கள். இதே கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. மாத்திரையின் பெயர் மட்டும் அவ்வப்போது மாறுகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியை என்னால் கடக்க முடியவில்லை. நாப்கின் எண்ணிக் கணக்கு வைக்கிறீர்கள். ஓராண்டாக எண்ணியிருக்கிறீர்கள், ஒருமுறைகூட அவளிடம் கேட்கவில்லை.

“அவள் சொல்ல மாட்டாள்” என்கிறீர்கள். கேட்டு அவள் மறுத்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. பேசத் தயங்குவது நீங்கள். பழியை மட்டும் அவள் மௌனத்தின் மேல் போட்டிருக்கிறீர்கள். பெற்ற மகளின் உடல்நலத்தை ஒளிந்திருந்து கண்காணிப்பதை நான் அக்கறை என்று ஏற்க மாட்டேன். அந்தக் கணக்கால் பயனும் இல்லை. மருத்துவர் முதலில் கேட்கப்போவது தேதிகளை: எந்த நாளில் தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, போக்கு மிகுதியா, வெறும் கறை மட்டுமா, வலி உண்டா, இடையில் எங்கேனும் 90 நாளைத் தாண்டியதா. இவற்றில் ஒன்றுக்காவது உங்கள் அலமாரி பதில் சொல்லுமா? அவள் வெளியிலிருந்தே நாப்கின் வாங்கி வந்திருந்தால் உங்கள் ஓராண்டுக் கணக்கு முழுவதும் பொய்.

மாத்திரைக் கதையும் அந்த மௌனத்திலிருந்தே வந்தது. கேட்காமலே கணக்கெடுத்தீர்கள், சொல்லாமலே மருந்து கொடுத்தீர்கள். இருபது வயதுப் பெண் எதற்காக ஒரு மருந்தை விழுங்குகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் வேறொருவருக்கு எழுதித் தரப்பட்ட மருந்து என்றால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 14 நானோகிராம் என்பது குறைவுதான். பெரும்பாலோருக்கு எலும்பு நலனுக்கு 20 போதும் என்பார்கள். அந்தக் குறையைச் சரிசெய்ய வாரம் ஒன்று என்று எழுதித் தருவதும் உண்டு, ஆனால் பொதுவாக 8 வாரம் அளவில் நிறுத்திவிட்டு, பிறகு சிறிய அளவுக்கு மாற்றிவிடுவார்கள். வாரம் 60,000 என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,500 அலகு. இளம் பெண்ணுக்கு அன்றாடம் தேவைப்படுவது 600, மருத்துவர் கண்காணிப்பின்றித் தாண்டக் கூடாத வரம்பு 4,000. இந்தச் சத்து கொழுப்பில் கரைந்து உடலில் தங்கக்கூடியது, மிகுந்தால் ரத்தத்தில் கால்சியம் கூடும். குமட்டல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் ஆகியவை அதன் விளைவுகள். ஆகவே வைட்டமின் டி அளவோடு கால்சியம் அளவையும் இப்போது பார்த்தாக வேண்டும்.

ஹார்மோன் சமநிலை என்று நீங்கள் கேள்விப்பட்டதில் ஓர் இழை உண்மை இருக்கிறது. வைட்டமின் டி கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து ஹார்மோனைப் போலவே வேலை செய்கிறது. சினைப்பையிலும் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல் (பி.சி.ஓ.எஸ்.) உள்ள பெண்கள் பலருக்கு அது குறைவாகவும் இருக்கிறது. ஆனால் உடல் எடை கூடியவர்களுக்கு ரத்தத்தில் வைட்டமின் டி அளவு பொதுவாகவே தாழ்ந்திருக்கும், அந்தச் சிக்கலோடு எடை கூடுவதும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். எனவே குறைவுதான் சிக்கலை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. தவறிய மாதவிடாயைத் திருப்பிக் கொண்டுவரும் சிகிச்சையாக இம்மாத்திரை நிலைநாட்டப்படவில்லை. எலும்புக்கான மருந்தை வைத்துக்கொண்டு சினைப்பை சீராகும் என்று ஏழு மாதம் காத்திருந்தீர்கள்.

பூப்பெய்தி மூன்றாண்டு கடந்த பெண்ணுக்குச் சுழற்சி 35 நாளைத் தாண்டிக்கொண்டே போனாலும், ஓராண்டில் எட்டு முறைக்கும் குறைவாக மாதவிடாய் வந்தாலும் அதை ஆராய வேண்டும். உங்கள் மகள் அந்த எல்லையைக் கடந்து ஓராண்டாகிறது. கருமுட்டை வெளிவராமலே மாதங்கள் கழிந்தால் கருப்பையின் உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும் என்பதால், தானாகச் சரியாகட்டும் என்று விட்டுவைக்கும் விஷயமும் அல்ல இது. முகவாய் முடியையும் சேர்த்துப் பார்த்தால் நீர்க்கட்டிச் சிக்கலாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் தைராய்டு, பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டின், ஆண்களுக்கு மிகுதியாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றின் பரிசோதனைகளைப் பார்த்து வேறு காரணங்களை விலக்கிய பிறகே மருத்துவர் அதை உறுதிசெய்வார். நீங்கள் கேட்ட ஸ்கேன் இப்போது முதல் வேலை அல்ல. பூப்பெய்தி எட்டாண்டு ஆகாத பெண்களின் சினைப்பையில் இயல்பாகவே கருமுட்டை வளரும் சிறு நுண்பைகள் நிறைய தெரியும் என்பதால், அந்த வயதில் ஸ்கேனை வைத்து இச்சிக்கலை முடிவுசெய்யக் கூடாது என்றது 2018-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். உங்கள் மகளுக்கு ஏழாண்டுதான் ஆகிறது. சர்க்கரை அளவையும் பார்ப்பார்கள். மாதவிடாயைச் சீராக்கக் கருத்தடை மாத்திரையை எழுதித் தந்தால் அதன் பெயரைக் கேட்டு நீங்கள் அதிர்ச்சியடைய வேண்டாம், இச்சிக்கலுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் மருந்து அது.

கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். மாதவிடாய் தள்ளிப்போன எந்தப் பெண்ணுக்கும் செய்வதுதான், அதை அவள் நடத்தைக்கு வைத்த சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர் அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால், எழுந்து வெளியே வாருங்கள். தாய்க்குத் தெரியாமல் மகளுக்கு எதுவும் இருக்கக் கூடாது என்று நம்புகிற தலைமுறையில் வந்தவள்தான் நானும். ஆனால் தெரிந்துகொள்ளும் உரிமையைக் கேட்பவள், கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமையை முதலில் செய்ய வேண்டும். அதை நீங்கள் செய்யவில்லை.

இன்றிரவே அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள். கொடுத்தது என்ன மாத்திரை, எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அவள் கோபப்படுவாள், அதற்கு அவளுக்கு நியாயம் உண்டு, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, மகப்பேறு மருத்துவரிடம் உங்களோடு வருகிறாளா, தனியாகப் போக விரும்புகிறாளா என்று கேளுங்கள். தனியாக என்றால் கட்டணத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். நினைவிலுள்ள கடைசி சில மாதவிடாய்த் தேதிகளை அவள் தன் கையால் எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் எழுதித் தர வேண்டியது ஒன்றுதான்: அந்த மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எத்தனை கொடுத்தீர்கள் என்ற விவரம். காலி அட்டையையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.