கலெக்‌ஷனுக்குப் போன கிரெடிட் கார்டு கடன்: இப்பவே கட்டணுமா, மூணு வருஷம் தாண்டட்டுமா?

கேள்வி கேட்டவர் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாக்குறாரு. நடுவுல வேலை போனதால கார்டு பாக்கி 1,12,000 ரூபாய கட்ட முடியல, நின்னு போயி 2 வருஷம் 8 மாசம் ஆச்சு. இப்ப வட்டியும் லேட் ஃபீயும் சேந்து 2,60,000னு நிக்குது. ரெக்கவரி ஏஜெண்ட் "85,000 கட்டுனா செட்டில்மெண்ட், இல்லன்னா இன்னிக்கு டோக்கனா 5,000 மட்டும் ஜிபே பண்ணுங்க, இல்லன்னா போலீஸ் வரும்"ங்கிறாராம். ஃப்ரெண்டு ஒருத்தரு "இன்னும் நாலு மாசம் இழுத்துட்டா கடனே செல்லாது"ன்னு சொல்லியிருக்காரு. கையில 60,000 இருக்கு, ரெண்டு மாசத்துல சீட்டு விழுந்தா 50,000 வரும்.

தம்பி, மொதல்ல போலீஸ் பயத்த விடுங்க. கார்டு பாக்கி சிவில் விவகாரம், கட்ட முடியலங்கிறதுக்காக யாரும் வந்து புடிச்சிட்டுப் போக முடியாது. செக் எதுவும் எழுதிக் குடுத்து அது பவுன்ஸ் ஆகியிருந்தா மட்டும் கதை வேற, செக் பவுன்ஸுக்கான சட்டப் பிரிவு 138ல கேஸ் வரும், அப்படி இருந்தா மறைக்காம சொல்லுங்க.

ஃப்ரெண்டு சொன்னதுல பாதிதான் உண்மை. 1963 லிமிட்டேஷன் சட்டப்படி மூணு வருஷத்துக்குள்ள பேங்க் கேஸ் போடணும், சரிதான். ஆனா அந்தக் கெடு தாண்டுனா போறது கேஸ் போடுற உரிமைதான், கடன் அப்படியேதான் இருக்கும், உங்க கடன் வரலாறைப் பதிஞ்சு வெக்கிற சிபில்லயும் நிக்கும், போனும் வந்துட்டேதான் இருக்கும். இன்னொண்ணு, பேங்க் வக்கீலுங்க ஃபைல தூசி தட்டி எடுக்குறதே கெடு முடியப் போற கடைசி ரெண்டு மூணு மாசத்துலதான், நான் பாத்த வரைக்கும் அப்படித்தான், அதனால நாலு மாசம் ஒளிஞ்சிருந்தா தப்பிச்சிடலாம்னு கணக்குப் போடாதீங்க. கோர்ட் சம்மன் வந்தா வாங்காம திருப்பி அனுப்பாதீங்க, நீங்க போகலன்னா உங்க பக்கம் கேக்காமலே டிக்ரி, அதாவது கட்டணும்னு தீர்ப்பு, ஆயிடும், அப்புறம் சம்பளத்துல ஒரு பகுதிய அட்டாச் பண்ணி புடிச்சுக்கலாம். பிஎஃப் பணத்துல மட்டும் கை வைக்க முடியாது.

அந்த 5,000 டோக்கன் இருக்கே, அதுதான் எனக்குப் புடிக்கல. மூணு வருஷம் முடியறதுக்குள்ள கொஞ்சம் பணம் கட்டி அது உங்க எழுத்துலயோ கையெழுத்துலயோ பதிவாச்சுன்னா அன்னியில இருந்து மறுபடி மூணு வருஷம் புதுசா ஓட ஆரம்பிக்கும். "கடன் இருக்கு"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அதேதான். ஜிபேல போட்டா கணக்கு வருமா வராதான்னு கோர்ட்ல வாதாடிக்கலாம், ஆனா அந்த வாதத்துக்கு நீங்க ஏன் 5,000 செலவு பண்ணணும்? வட்டியில ஒரு மாசம்கூட தாங்காது அது. வாட்ஸப்ல "அடுத்த மாசம் கட்டிடறேன் சார்"னு பாவமா மெசேஜ் போடுறதும் வேணாம், அதையே ஒப்புதல்னு காட்டப் பாப்பாங்க. கெடு முடிஞ்ச பிறகு "கட்டுறேன்"னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலோ, ஒப்பந்தச் சட்டம் 25(3)படி செத்த கடனுக்கு உயிர் வந்துடும்.

அப்ப எப்பதான் கட்டுறது? முழுப் பணமும் கையில, பேங்க் லெட்டரும் கையில, ரெண்டும் சேர்ற அன்னிக்கு. உங்க விஷயத்துல அது சீட்டு விழுந்த அடுத்த வாரம். அதுக்கு முன்னாடி தவணை தவணையா செட்டில்மெண்ட்னு ஒத்துக்காதீங்க, ஒரு தவணை தவறுனா பெரும்பாலும் சலுகையே ரத்தாகி, கட்டுனதெல்லாம் 2,60,000ல கழிஞ்சு போயிடும். இப்போதைக்கு வாயால பேரம் மட்டும் பேசுங்க. 85,000ங்கிறது ஏஜெண்ட் சொன்ன ஆரம்ப விலைதான், ஒரே தடவையில மொத்தமா தர்றேன்னா கொறையும், மார்ச் மாதிரி கணக்கு முடிக்கிற நேரம்னா இன்னும் கொறைய வாய்ப்பு இருக்கு.

லெட்டர் பேங்க் லெட்டர்ஹெட்ல இருக்கணும், ஏஜென்சி சீட்டு செல்லாது. கார்டு நம்பர், தொகை, கடைசித் தேதி, மீதி தள்ளுபடிங்கிற வார்த்தை எல்லாம் இருக்கணும். பணம் கார்டு கணக்குலதான் போகணும், ஏஜெண்ட்டோட சொந்த நம்பருக்கு ஒரு ரூபா கூட போகக் கூடாது. கட்டுனதும் நோ டியூ சர்டிபிகேட் வாங்கிடுங்க.

ரெண்டு வருஷத்துல ஊர்ல வீடு கட்ட லோன் போடணும்னு வேற எழுதியிருக்கீங்க. செட்டில்மெண்ட் பண்ணா சிபில்ல 'செட்டில்ட்'னு வரும், 'க்ளோஸ்ட்'னு வராது, ஹவுசிங் லோன் மேனேஜர் அதப் பாத்தா மூஞ்ச திருப்புவாரு. அதுக்காக இப்ப கடன் வாங்கி 2,60,000 கட்டுறது புத்திசாலித்தனம் இல்ல. இப்ப செட்டில் பண்ணுங்க, லோனுக்குப் போறதுக்கு முன்னாடி தள்ளுபடி பண்ண மீதியக் கட்டி க்ளோஸ்ட்னு மாத்தித் தருவாங்களான்னு பேங்க்ல எழுத்துல கேளுங்க, பல பேங்க் பண்ணுவாங்க.

காலைல 8க்கு முன்னாடியும் ராத்திரி 7க்கு மேலயும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022லயே சொல்லிடுச்சு. மீறுனா ரெக்கார்ட் பண்ணி பேங்குக்கு எழுத்துல புகார் குடுங்க, 30 நாள்ல பதில் வரலன்னா பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், காசு கெடையாது. ஆனா புகார்ல "நான் கட்ட வேண்டிய 2,60,000"னு எழுதிடாதீங்க, "நீங்க கேக்குற தொகை"ன்னு எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. அந்த 60,000 எந்த பேங்க்ல கெடக்கு? கார்டு குடுத்த அதே பேங்க்னா இன்னிக்கே வேற கணக்குக்கு மாத்துங்க, லியன் போட்டு, அதாவது பாக்கிக்காக அந்தப் பணத்த எடுக்க விடாம நிறுத்தி வெச்சுட்டாங்கன்னா, பேரம் பேச கையில ஒண்ணும் இருக்காது.