ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை விட்டு, எனக்குப் பிடித்தபடி வாழ்வது எப்படி?

ஆசிரிய நியமனம் கிடைத்திருக்கிறது, ஆனால் தச்சுப் பட்டறை போடத்தான் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்வதென்றால் முதலில் ஒரு ஆறுதலை உடைக்க வேண்டும்.

"உங்களை ஒருவரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை" என்பார்கள். அதற்கு ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தோமஸ் கிலோவிச்சும் சகாக்களும் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. போடக் கூச்சமாக இருக்கும் ஒரு பாடகரின் படம் பதித்த ரீசேர்ட்டை மாணவர்களுக்குப் போட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப்பேர்தான்.

சரி, அதே ரீசேர்ட்டோடு எங்கள் ஒழுங்கையால் ஒருக்கால் போய் வாருங்கள். நீங்கள் வீட்டுப் படலையைத் திறக்க முதலே கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற சித்திக்கு வட்ஸ்அப்பில் செய்தி போயிருக்கும். இங்கே கவனிப்பார்கள், கதைப்பார்கள். அதை ஒத்துக்கொண்டுதான் தொடங்க வேணும்.

நான் கலைப்பீடப் பட்டதாரி. சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். "கோழி மேய்ச்சாலும் கோர்ணமேந்தில மேய்க்கோணும்" என்று, அரசாங்க வேலையைத்தான் வேலையாக நினைக்கிற ஊர் இது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் இருந்து நியமனம் கேட்டபோது என்னோடு படித்தவர்களும் அதில் இருந்தார்கள். பென்சன் உள்ள வேலையைக் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். பெரியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இவ்வளவு படிச்சுப்போட்டு ஏனடா தம்பி கிறீசோட திரியிறாய்?"

அப்பா தவறியபோது முதலில் வந்து நின்றது அதே பெரியம்மாதான். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு அவவின் வீட்டில் இருந்துதான் வந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்குச் சமையலைப் பொறுப்பெடுத்தவ, வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்தக் கோர்ணமேந்துச் சோதினைக்கு அப்ளிக்கேசன் போட்டனியோ?" என்றும் கேட்டா! அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்கும் வந்தா.

அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. சனம் கதைக்கிறது ஒரு கணக்கு, சனம் வாறது வேறு கணக்கு. நான் கந்தோரில் கிளார்க்காக இருந்திருந்தாலும் பெரியம்மா வந்திருப்பா, சைக்கிள் கடைக்காரனாக இருந்தும் வந்தா. நாங்கள்தான் இரண்டையும் ஒன்றாக முடிந்து வைத்து, கதை வந்தால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறோம். அதனால்தான் "சனத்தைத் தூக்கி எறி" என்ற அறிவுரையும் எனக்குச் சரிவருவதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் போனபோது, முன்பின் தெரியாத குடும்பங்கள் தங்கள் வீட்டில் இடம் தந்ததை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் பச்சையாகச் சொல்கிறேன். தச்சுவேலை என்றதும் ஊர் உங்கள் பட்டத்தை மட்டும் யோசிக்காது, "என்ன ஆக்கள்" என்று சாதியையும் யோசிக்கும். அந்தக் கதைக்கு ஒரு மரியாதையும் கொடுக்கத் தேவையில்லை.

உங்கள் பக்கம் ஒருவர் இருந்தால் போதும். 1950களில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு சோதனை செய்தார். மற்ற எல்லாரும் பேசிவைத்து ஒரே பிழையான விடையைச் சொன்னபோது, விஷயம் தெரியாமல் இருந்தவர்களின் விடைகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று அந்தப் பிழையோடேயே போனது. இடையில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலே அந்த இழுபடல் பெருமளவு குறைந்தது.

எனக்கு அந்த ஒருவர் கலியாணப் பேச்சில் வந்தா. தரகர் என் சாதகக் குறிப்போடு 'சொந்த பிஸ்னஸ்' என்று எழுத, 'சைக்கிள் கடை' என்று மாற்றச் சொன்னேன். சில இடங்கள் தட்டிப்போயின. பிறகு வந்த இடத்தில் பெண் கேட்ட முதல் கேள்வி: "கடை வாடகையோ, சொந்தமோ?" இப்போது கணக்குப் புத்தகம் அவவின் கையில்.

இது ஒரு ஆம்பிளையின் பதில் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் பெண் என்றால் இதே கதைக்குக் கொடுக்கிற விலை கூட. கையில் சொந்த வருமானம் இருப்பது எல்லாவற்றுக்கும் முதல்.

பட்டறை விஷயத்தை முதலில் வீட்டுக்குச் சொல்லுங்கள். ஊருக்கு வேலையின் பெயரை மட்டும் சொன்னால் போதும், ஏன் என்று விளக்கத் தொடங்கினால் விசாரணை தொடங்கிவிடும். ஒரு வருடத்துக்குச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் காசு இல்லையென்றால் நியமனத்தை இப்போதைக்கு எடுங்கள். பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிடும். பின்னேரங்களில் ஒரு ஓடாவியாரிடம் (தச்சரிடம்) போய் நின்று பழகுங்கள். உங்களுக்குப் பிடித்தது மரவேலையா, அல்லது ஊர் சொன்னதைச் செய்யமாட்டேன் என்ற வீறாப்பா என்பது அங்கே கெதியாகத் தெரிந்துவிடும்.