மேல்மாடி வாடகை வீட்டில் முதலில் எதில் கை வைப்பது?

மதுரையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே வாடகை வீடு, சோலார் போட வழியில்லை, கோடையில் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் வருகிறது, கேஸை விட்டு மின்சாரத்தில் ஓடும் இண்டக்ஷன் அடுப்புக்கு மாறினால் கார்பன் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு அடுப்பை விட்டுவிடுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் முழுக்க எரிந்தால் 42 கிலோ அளவுக்குத்தான் கார்பன் டை ஆக்சைடு. அதே சமையலுக்கு இண்டக்ஷனில் சுமார் 100 யூனிட் பிடிக்கும், நம் மின்சாரத்தில் நிலக்கரிதான் பெரும்பங்கு என்பதால் யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால் 70 கிலோ ஆகிவிடும். உங்கள் 900 யூனிட்டோ 630 கிலோ!

ஆக, கவனிக்க வேண்டியது அந்த யூனிட்டை ஏற்றிவிடும் ஏசியைத்தான். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், இரவு பத்து மணிக்கும் அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும்; கட்டில்மேல் ஏறிக் கூரையைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். வீட்டுக்காரரிடம் பேசி, மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயிண்டோ பங்குனிக்குள் அடித்துவிடுங்கள். பாதிச் செலவை உங்களிடம் கேட்டாலும் தயங்காமல் கொடுக்கலாம் என்பேன், அவ்வளவு பலன் உண்டு.

அப்புறம், ஏசியை 20-இல் வைக்கிறவர் என்றால் 26-க்கு ஏற்றி ஃபேனையும் சேர்த்து ஓட்டுங்கள், ஒவ்வொரு டிகிரிக்கும் 6 சதவீதம் போல மிச்சமாகும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் போதும், வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போய்விடலாம்.